அவசரப்படுத்தும் ஆபீஸ் எங்கே இருக்கிறது?

நம் நாட்டில் எந்த ஆபீசாவது தானாக நம்மைத் தேடி வந்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தியது உண்டா? ரேஷன் கார்டில் ஒரு பெயர் சேர்க்க எத்தனை நாள் நடந்திருக்கிறோம்! பென்ஷன் காகிதம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர எத்தனை மாதம் ஆகிறது! "நாளைக்கு வா", "சாகேப் சீட்டில் இல்லை", "இரண்டு ஜெராக்ஸ் கொண்டு வா" என்பவைதான் நமக்குத் தெரிந்த ஆபீஸ் பாஷை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நானே இதை எழுதுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதானே?

அப்படியிருக்க, "பத்து நிமிடத்துக்குள் இந்த நம்பருக்குப் போன் செய்யாவிட்டால் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்" என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தால் நம்மவர்கள் உடனே போன் செய்கிறார்கள். "ஒரு மணி நேரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் கைது" என்று ஒரு குரல் மிரட்டினால் உடனே கட்டுகிறார்கள். இது படிக்காத ஜனங்களுக்கு மட்டும் நேர்கிற விபத்து என்று யாரும் எண்ண வேண்டாம். சைபர் மோசடிகளில் நாட்டு மக்கள் 2023-ம் ஆண்டில் இழந்த தொகை 7,465 கோடி ரூபாய். 2024-ல் அது 22,845 கோடி என்று மத்திய அரசே பாராளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு! இவ்வளவும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பணமாக இருக்க முடியாது.

இந்த ஊரில் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் இந்தத் தந்திரம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடுவது நல்லது.

திரையில் அலறும் சங்கு

தாராவியில் சிறிய அச்சகம் நடத்தும் அண்ணாச்சி ஒருவர். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அவரிடம்தான் அச்சாகும். ஒரு நாள் மாலை ஏதோ எழுத்துருவைத் தேடிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் திரை முழுவதும் திடீரென்று சிவப்பும் நீலமுமாக மாறிவிட்டது. உள்ளேயிருந்து தீயணைப்பு வண்டி மாதிரி ஒரு சத்தம். "உங்கள் கம்ப்யூட்டரை வைரஸ் தாக்கிவிட்டது. வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன. கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் சின்னம் இருக்கிறது. கீழே ஒரு டெலிபோன் நம்பர்.

போன் செய்தார். மறுமுனையில் மிக மரியாதையாக இந்தியில் பேசினார்கள். தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரைப் பார்க்க உதவும் ஏனிடெஸ்க் என்ற செயலியைப் போடச் சொன்னார்கள். போட்டதும் அவர் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார்கள். வரிசையாகச் சிவப்பு அடையாளங்கள், மஞ்சள் முக்கோணங்கள். "பார்த்தீர்களா, எல்லாம் வைரஸ்" என்றார்கள். அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. 8,500 ரூபாய் கட்டினார். அத்தோடு விட்டார்களே என்பது ஒரு வகையில் அதிர்ஷ்டம்.

இதில் உள்ள சூட்சுமம் இதுதான். அந்தச் சிவப்புத் திரை வெறும் ஓர் இணையப் பக்கம். அதனால் கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்க்கவே முடியாது. தெருவில் போகிறவன் பூட்டிய வீட்டுக் கதவில் "உள்ளே பாம்பு இருக்கிறது" என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவது போலத்தான். ஏதோ ஒரு விளம்பரத்தை அழுத்தினாலோ, இணைய முகவரியில் ஓர் எழுத்து தவறினாலோ அந்தப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அவர்கள் திறந்து காட்டிய சிவப்புப் பட்டியலோ, 'ஈவென்ட் வியூவர்' என்று விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் இருக்கும் நாட்குறிப்பு. பிரின்டர் ஒரு தரம் பதில் சொல்லாவிட்டாலும் அதில் சிவப்பு விழும். புத்தம் புதிய கம்ப்யூட்டரிலும் விழும். நம் ஸ்டேஷன் டைரியைத் திறந்து பார்த்தால் தினமும் பத்து 'தாமதம்', இரண்டு 'கோளாறு' இருக்கும். அதற்காக ரயில் கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தமா?

உண்மையான வைரஸ் எப்படி வரும்? கரையான் மாதிரி வரும். கரையான் தம்பட்டம் அடித்துக்கொண்டு வருவதில்லை. கதவு நிலை உளுத்து விழும்போதுதான் நமக்குத் தெரியும். வங்கி ரகசியங்களைத் திருட வரும் வைரசுக்கு, தான் வந்திருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதில்தான் லாபம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகமும் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. 2017 மே மாதம் உலகத்தையே கலக்கிய 'வான்னாக்ரை' அந்த ரகம். அதுவும் திரையில் அறிவிப்புப் போட்டது. ஆனால் பிட்காயினில் பணம் கேட்டதே தவிர, "எங்களுக்குப் போன் செய்யுங்கள், உதவுகிறோம்" என்று உபசாரம் செய்யவில்லை. தங்கள் எச்சரிக்கைகளில் டெலிபோன் நம்பர் எதுவும் இருக்காது என்று மைக்ரோசாப்ட் கம்பெனியே பலமுறை சொல்லியிருக்கிறது. ஆகவே வைரஸ் எச்சரிக்கையின் கீழே போன் நம்பர் இருந்தால், அதுவே அது பொய் என்பதற்கு அத்தாட்சி.

வேடிக்கை என்னவென்றால், 1986-ல் லாகூரிலிருந்து கிளம்பிய 'பிரெய்ன்' என்ற வைரசுக்குள் அதைச் செய்த சகோதரர்களின் பெயர், கடை விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் இருந்தன. ஐ.பி.எம். ரகக் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸ் அது என்பார்கள். அந்தக் காலத்தில் வைரஸ் செய்தவர்கள்கூட விலாசத்தோடுதான் இருந்தார்கள்!

அந்தத் திரை வந்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. 'எஸ்கேப்' பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் திரை சுருங்கிவிடும், மூடிவிடலாம். 'ஆல்ட்' பொத்தானோடு 'எஃப் 4'-ஐ அழுத்தினாலும் மூடும். ஒன்றுக்கும் மசியாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். "அணைக்காதீர்கள்" என்று அந்தக் குரல் கதறுவதே, அணைத்தால் அதன் வேலை முடிந்துவிடும் என்பதால்தான். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கவா?" என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். மொபைலில் ஓயாமல் வைரஸ் அறிவிப்பு வருகிறதென்றால், எப்போதோ ஏதோ ஒரு பக்கத்துக்கு 'அறிவிப்பு அனுப்பலாம்' என்று அனுமதி கொடுத்திருப்பீர்கள். செட்டிங்கில் போய் அதை நீக்கினால் நின்றுவிடும். ஏற்கெனவே ஏனிடெஸ்க் போன்றதைப் போட்டுத் தொலைத்தவர்கள் முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அந்தச் செயலியை நீக்கிவிட்டு, வேறொரு கருவியிலிருந்து வங்கி ரகசிய எண்களை மாற்ற வேண்டும். வங்கிக்கும் சொல்லிவிட வேண்டும்.

நம் லோக்கல் ரயில் பாதையிலேயே

இந்த வித்தையெல்லாம் எங்கோ சீமையில் பிறந்தது என்று நினைத்தால் தவறு. 2016 அக்டோபர் தொடக்கத்தில், நாம் தினமும் தாண்டிப் போகும் மீரா ரோடில் தாணே போலீசார் சில கால் சென்டர்களில் நுழைந்தார்கள். எழுநூறுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்து விசாரித்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்களும் பெண்களும் அமெரிக்க வருமான வரி அதிகாரிகள் போல உச்சரிப்பை மாற்றிப் பேசி, "வரி பாக்கி, உடனே கட்டு, இல்லாவிட்டால் போலீஸ் வரும்" என்று அந்த நாட்டு மக்களை மிரட்டிக்கொண்டிருந்தார்கள். பரிசு அட்டைகள் வாங்கச் சொல்லி அதன் எண்களைக் கேட்டு வாங்குவது அவர்களுடைய வசூல் முறை. அதே மாதம் 27-ந் தேதி, அகமதாபாத்தின் 5 கால் சென்டர்களையும் 56 நபர்களையும் சேர்த்து இதே மாதிரி மோசடிக்காக அமெரிக்க நீதித் துறை குற்றச்சாட்டு வெளியிட்டது. பிறகு 2023 அக்டோபரில் சி.பி.ஐ. நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை போட்டது. மைக்ரோசாப்ட், அமேசான் கம்பெனிகளின் பெயரைச் சொல்லி வெளிநாட்டவரை ஏமாற்றிய கால் சென்டர்களும் அதில் அடக்கம்.

அமெரிக்கக் கிழவிகளிடம் பழகிய அதே வசனம்தான் இப்போது நம் பக்கம் திரும்பியிருக்கிறது. வருமான வரி அதிகாரி வேஷம் கலைந்து, மும்பை போலீஸ் வேஷம் வந்திருக்கிறது.

"மும்பை போலீஸ் பேசுகிறோம்"

ஆம், மும்பை போலீஸ்! நாடு முழுவதும் நடக்கும் 'டிஜிட்டல் கைது' நாடகத்தில் நம் ஊருக்குத்தான் கதாநாயகன் வேஷம். "உங்கள் பெயரில் வந்த பார்சலை மும்பை விமான நிலையத்தில் பிடித்திருக்கிறோம். உள்ளே போதைப் பொருள். அந்தேரி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பேசுகிறோம்" என்று தொடங்கும். பிறகு வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேஜையில் பெயர்ப் பலகை. கேமரா முன்னாலிருந்து எழுந்து போகக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, வங்கியில் உள்ள பணத்தையெல்லாம் 'சரிபார்ப்பதற்காக' ஒரு கணக்குக்கு மாற்ற வேண்டும்.

சென்ற வருஷம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து என் சித்தப்பா போன் செய்தார். ரிட்டயரான தலைமையாசிரியர். "ஏலே, பம்பாய் போலீஸ்ல இருந்து ஆள் பேசுதாரு. என் ஆதாரை வச்சு யாரோ பார்சல் அனுப்பியிருக்காம்லா. உனக்கு ஏதும் தெரியுமா?" என்றார். "சித்தப்பா, இப்ப லைன்ல இருக்காரா?" என்று கேட்டேன். "இன்னொரு போன்ல வீடியோவில இருக்காரு. யார்ட்டயும் பேசக் கூடாதுன்னாரு. பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு வந்து பேசுதேன்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐம்பது வருஷம் பையன்களைப் பிரம்பால் மிரட்டியவர், முகம் தெரியாத ஒருவனிடம் பாத்ரூமுக்கு அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்! போனை அணைத்துவிட்டுச் சித்தியிடம் ஒரு காபி கேட்டு வாங்கிக் குடியுங்கள் என்று சொன்னேன். அரை மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டபோது, "அந்த ஆளு ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு" என்று அப்போதும் அவனுக்கு நற்சான்று கொடுத்தார்.

அவர் தப்பியதற்குக் காரணம் அவர் படிப்பு அல்ல. மும்பையில் தெரிந்தவன் ஒருவன் இருந்தான், அவனிடம் கேட்டார். அவ்வளவுதான். வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் பத்மபூஷண் பெற்றவர். ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுக்கிறவர். 2024-ல் அவரையே இப்படி வீடியோவில் உட்காரவைத்து, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மாதிரி ஒருவனை நடிக்கவைத்து, 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவர் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் போலீசில் புகார் செய்தார், பத்திரிகைகளுக்கும் வெளிப்படையாகச் சொன்னார். 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது.

டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபர் 27-ந் தேதி ரேடியோ பேச்சில் பிரதமரே இதைச் சொன்னார். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, டிஜிட்டல் கைது வழக்குகளை சி.பி.ஐ. எடுத்து விசாரிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

ஆனால் சட்டம் தெரிந்தால் மட்டும் பயம் போய்விடுமா? நம்மவர்களின் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஊரில் ஆபீஸ் என்பது நமக்கு எப்போதும் வேறு பாஷை பேசும் இடம். வாடகை வீட்டு ஒப்பந்தம் சரியாக இருக்கிறதா, ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது, ஆதாரில் ஊர் விலாசமா இந்த ஊர் விலாசமா என்று எப்போதும் ஒரு குறுகுறுப்பு. ஏதோ ஒரு காகிதம் நம்மிடம் சரியாக இருக்காது என்பது நமக்கே தெரியும். அதனால் "உங்கள் பேப்பரில் தப்பு இருக்கிறது" என்று இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒருவன் அதட்டினால், என்ன தப்பு என்று கேட்பதற்கு முன்பே கை கூப்பிவிடுகிறோம். மோசடிக்காரன் இந்தப் பயத்தை உண்டாக்கவில்லை. வருஷக்கணக்கில் கவுண்டருக்கு உள்ளே இருப்பவர்கள் வளர்த்துவைத்த பயத்தை அவன் அறுவடை செய்கிறான்.

ஆகவே கவுண்டருக்கு உள்ளே உட்காருகிறவன் ஒருவன் ஆபீஸ் ரகசியம் ஒன்றைச் சொன்னால் உபயோகமாக இருக்கும். உண்மையான ஆபீசுக்கு அவசரம் கிடையாது, அந்தரங்கமும் கிடையாது. எங்களுடைய ஒரு சாதாரணக் கடிதம்கூட நம்பர், தேதி, பார்வை என்று போட்டுத்தான் போகும். கீழே "நகல்" என்று போட்டு நாலு பேருக்கு அனுப்புவோம். ஒரு பென்சில் வாங்குவதற்குக்கூட மூன்று பேர் கையெழுத்து வேண்டும். "யாரிடமும் சொல்லாதே" என்று எந்த ஆபீசும் சொல்லாது. சொன்னால் பைல் எப்படி நகரும்? அவசரமும் அந்தரங்கமும் சேர்ந்து வந்தால் அது ஆபீஸ் அல்ல.

ரீபண்டு தேடிப் போனவர்கள்

இதுவரை மக்களுடைய பயத்தைப் பற்றிச் சொன்னேன். ஆபீஸ்களின் பங்கையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பொங்கலுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஆன்லைனில் டிக்கெட் போடுகிறார்கள். வெயிட்டிங் லிஸ்டில் நின்றுவிடுகிறது. பணம் திரும்பி வரவில்லையே என்று கவலை. யாரிடம் கேட்பது? கூகுளில் 'ரயில்வே கஸ்டமர் கேர்' என்று தேடுகிறார்கள். மோசடிக்காரன் போட்டுவைத்திருக்கும் மொபைல் நம்பர் அங்கே கிடைக்கிறது. இன்னும் சிலர் சமூக வலைத்தளத்தில் பி.என்.ஆர். எண்ணையும் தங்கள் போன் நம்பரையும் போட்டுப் புகார் எழுதுகிறார்கள். ஐந்து நிமிடத்தில், "ரயில்வேயிலிருந்து பேசுகிறோம், ரீபண்டு தருகிறோம், இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று அழைப்பு வருகிறது. ரயில்வே ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறதாம்! 2023 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. பெயரிலேயே ஒரு போலிச் செயலி உலவி, அதை யாரும் இறக்கிக்கொள்ள வேண்டாம் என்று அந்த நிறுவனம் எச்சரிக்க வேண்டியிருந்தது.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் தயாரான பிறகும் முழுவதும் வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் அது தானாக ரத்தாகும். எந்தக் கணக்கிலிருந்து பணம் போனதோ அந்தக் கணக்குக்கே தானாகத் திரும்பும். அதற்கு ஒருவரும் போன் செய்ய வேண்டியதில்லை, ஓ.டி.பி. சொல்ல வேண்டியதில்லை. கவுண்டரில் எடுத்த டிக்கெட்டுக்குக் கவுண்டரிலேயே பணம். சந்தேகம் கேட்க 139 என்ற மூன்று இலக்க நம்பர் இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த நாலு வரியை எத்தனை ஸ்டேஷனில், எத்தனை பாஷையில் எழுதி வைத்திருக்கிறார்கள்? வங்கிகள் மட்டும் என்ன வாழ்ந்தது! ஒன்றை அழுத்து, ஐந்தை அழுத்து என்று அலைக்கழித்து, பாட்டுப் போட்டு, கடைசியில் லைனைத் துண்டித்துவிடுகிறார்கள். உண்மையான ஆள் பேசாத இடத்தில் பொய்யான ஆள் பேசுகிறான். மக்கள் போய் விழுவதற்கு அவர்கள் புத்தியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆபீஸ்கள் மனது வைத்தால் அடைக்கக்கூடிய ஓட்டை பல உண்டு. ஓர் உதாரணம். பழைய கட்டிலை விற்க ஆன்லைனில் விளம்பரம் போட்டவரிடம், "பணம் அனுப்பியிருக்கிறேன், பின் நம்பரைப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, யூ.பி.ஐ.யில் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி ஏமாற்றுவது வெகு காலம் நடந்தது. பின் நம்பர் என்பது பணம் கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு அது தேவையே இல்லை என்று எத்தனையோ எச்சரிக்கை விளம்பரங்கள் வந்தன. கடைசியில் தேசிய கொடுப்பனவுக் கழகம், தனி மனிதர்கள் ஒருவருக்கொருவர் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. ஆயிரம் விளம்பரம் செய்யாததை ஓர் உத்தரவு செய்தது. இதை முன்பே செய்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

வாடகைக்குப் போகும் கணக்குகள்

இன்னொரு விஷயம் நம் பேட்டைகளில் மெதுவாகப் பரவிக்கொண்டிருக்கிறது. "உன் வங்கிக் கணக்கை ஒரு மாதம் கொடு, ஐயாயிரம் தருகிறேன். பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் சிம் கார்டும் போதும்" என்று வேலையில்லாத பையன்களிடம் பேசுகிறார்கள். ஏமாற்றிய பணம் இந்தக் கணக்குகள் வழியாகத்தான் கைமாறி மறைகிறது. புகார் வந்தால் போலீஸ் முதலில் தட்டுவது கணக்குக்கு உரியவன் கதவை. கொடுத்தவன் குரலும் தெரியாது, பெயரும் தெரியாது. ஐயாயிரத்துக்காகப் பையன் வேறு மாநிலக் கோர்ட்டில் போய் நிற்க வேண்டியிருக்கும். 'வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி வேலை' என்று அழைத்துப்போய், மியான்மரில் அடைத்துவைத்து இதே மோசடிப் போன்களைச் செய்யச் சொன்ன கதையும் உண்டு. 2022-ல் அங்கிருந்து மீட்கப்பட்டு வந்தவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். தாய் தகப்பன்மார் இதைக் கேட்டு விசாரிக்க வேண்டும்.

வெட்கம் தின்னும் பணம்

ஏமாந்த பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அச்சக அண்ணாச்சி தான் ஏமாந்ததை மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி திட்டுவாள், மகன் சிரிப்பான், பக்கத்துக் கடைக்காரன் கேலி செய்வான். மூன்று வாரம் கழித்துச் சொன்னபோது வங்கியில் கையை விரித்துவிட்டார்கள்.

பணம் நம் கணக்கை விட்டுப் போனதும் உடனே காற்றில் கரைந்துவிடுவதில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து நாலு, பிறகு ஏ.டி.எம். என்று போக அதற்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் தகவல் கொடுத்தால் வழியிலேயே நிறுத்திவைக்க முடியும். அதற்காகத்தான் நாடு முழுவதற்கும் 1930 என்ற நம்பர் இருக்கிறது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பணம் போன எஸ்.எம்.எஸ்.சில் உள்ள பரிவர்த்தனை எண், பேசியவனின் நம்பர். அதே நேரத்தில் வங்கிக்கும் தெரிவித்து, தெரிவித்ததற்குப் புகார் எண் வாங்கிவிட வேண்டும். 2017 ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கையைப் பலர் அறியவில்லை. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வெளியார் கைவரிசையால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு நஷ்டமில்லை என்று அது சொன்னது. அவரே ரகசிய எண்ணைக் கொடுத்துத் தவறு செய்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்றும் சொன்னது. ஆக, ஒவ்வொரு மணி நேர மவுனத்துக்கும் ஒரு விலை இருக்கிறது.

எனவே ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் மோசடிக்காரனுக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார்கள் என்றுதான் சொல்வேன். வீட்டில் "உனக்கு அறிவில்லையா?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்து எத்தனை பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ!

இங்கேதான் முதலில் சொன்ன தனிச் சங்கடம் வருகிறது. நடுராத்திரியில் பணத்தைப் பறிகொடுத்துவிட்டுப் பதறிப்போய் நிற்கும் ஒரு பாட்டி, போனில் மராத்தியிலோ இந்தியிலோ பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் புகார் பதிய வேண்டும். தமிழிலேயே அவளுக்கு அப்போது வார்த்தை வராது. தமிழர்கள் இத்தனை லட்சம் பேர் இருக்கும் ஊரில், இந்த உதவி எண்ணில் நம் பாஷை தெரிந்தவர் ஒருவரை வைப்பது அரசாங்கத்துக்குப் பெரிய காரியமல்ல. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பகுதிகளில் உள்ள வங்கிக் கிளைகளில் "யாரும் போனில் ஓ.டி.பி. கேட்க மாட்டோம்" என்ற பலகையைத் தமிழிலும் வைக்கலாம். தேர்தல் வந்தால் மட்டும் சுவர் முழுவதும் தமிழில் எழுதத் தெரிகிறதே!

அது வரும்வரை நம் சங்கங்கள் சும்மா இருக்க வேண்டாம். இந்த ஊரில் நமக்குச் சங்கங்களுக்குப் பஞ்சமா? தமிழ்ச் சங்கம், ஊர் நலச் சங்கம், சாதிச் சங்கம், கோயில் கமிட்டி, ரசிகர் மன்றம் என்று சந்துக்கு ஒன்று இருக்கிறது. மராத்தியும் இந்தியும் சரளமாகப் பேசுகிற, இங்கேயே பிறந்து படித்த பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களில் இரண்டு பேருடைய போன் நம்பரைக் கொடுத்து, "ஏமாந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடலாம், திட்ட மாட்டோம்" என்று அறிவித்தால் போதும். அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து 1930-க்குப் பேசிக் கொடுப்பார்கள். மாத வாடகை, கட்டிடம், நன்கொடை ஒன்றும் தேவையில்லை. நம்பர்களைப் பெரிய எழுத்தில் எழுதி, சந்தா பாக்கிப் பட்டியல் தொங்குகிற அதே பலகையில் ஒட்டிவிடலாம். அந்தப் பட்டியலைத்தான் எல்லோரும் நின்று படிக்கிறார்கள்.